மிதித்துக் கற்ற பாடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மன்னர் கல்லூரிக்கு ஒரு பெண் படிக்கப் போனார். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்துவந்த கல்லூரி அது. அவர் மூடிய வண்டியில் போய் இறங்கினார். உடன் படித்தவர்களின் பார்வை படாதபடி திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார். 1886-இல் அந்த ஊரில் பிறந்த முத்துலட்சுமி அவர். தந்தை நாராயணசாமி அதே கல்லூரியில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இந்தப் பெண் வந்து உட்கார்ந்தால் ஆண்பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. 1912-இல் மருத்துவராகவும், 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராகவும் ஆன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கல்லூரிப் படிப்பு இப்படித்தான் தொடங்கியது.

1992 மார்ச் 8, உலக மகளிர் நாள். அதே புதுக்கோட்டையின் தெருக்களில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள். கைப்பிடிகளில் கொடி கட்டியிருந்தார்கள். மணியை அடித்துக்கொண்டே வந்தார்கள். விவசாயக் கூலிகள், கல் உடைப்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று பலதரப்பட்ட பெண்கள் அந்த மாவட்டத்தில் அப்போது சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தங்கள் பெயரை எழுதக் கற்றிருந்தார்கள்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையே ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள். பெண்கல்வி வரலாற்றை எழுதும்போது நாம் முதல் காட்சியைத்தான் அதிகம் எழுதுகிறோம். முதல் பட்டதாரி, முதல் மருத்துவர், முதல் சட்டமன்ற உறுப்பினர் என்று ‘முதல்’களின் வரிசையாக அந்த வரலாறு நிற்கிறது. அது தேவையான வரலாறுதான். ஆனால் பெயர் பதிவாகாத ஒரு லட்சம் பெண்கள் ஒரே நேரத்தில் ஒன்றைக் கற்றுக்கொண்டால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? அவர்கள் கற்றது பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றாக இருந்தால் அதைக் கல்வி என்று சொல்லலாமா? புதுக்கோட்டையின் சைக்கிள் கதை இந்தக் கேள்விகளை நம்முன் வைக்கிறது.

போகக் கூடாதவள்

பெண்ணின் பயணத்தைத் தமிழ் இலக்கணம் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டது. கடல் கடந்து பொருள் தேடப் போகும் பிரிவு பெண்ணோடு சேர்ந்து நிகழ்வதில்லை என்பது தொல்காப்பியத்தின் விதி. ஆண் பிரிந்து போவான், பெண் இருந்து வருந்துவாள். முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல். காத்திருப்பதைப் பெண்ணின் ஒழுக்கமாக வகுத்து, அதன்மேல் அழகான கவிதைகளைக் கட்டிய மரபு நம்முடையது. அந்தக் கவிதைகளை நான் வகுப்பில் விருப்பத்தோடு பாடம் சொல்கிறேன். அவற்றின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அழகு யாரை எங்கே உட்காரவைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

மரபில் பயணம் செய்த பெண்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். பாடினியும் விறலியும் வழிநடந்தார்கள். ஆனால் தம் கூட்டத்தோடு, வறுமை துரத்த நடந்தார்கள். தனியாக ஊர் ஊராகச் சுற்றிய ஔவையைப் பற்றி மக்கள் என்ன கதை சொல்கிறார்கள்? இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றுக்கொண்ட பிறகுதான் அவர் ஊர் சுற்றினார் என்கிறார்கள். காரைக்கால் அம்மையார் உடலின் சதையை உதறிப் பேயுரு எய்திய பின்னரே கயிலை நோக்கிப் போனதாகப் பெரிய புராணம் சொல்கிறது. தனியே போக விரும்பும் பெண் கிழவியாக வேண்டும், இல்லாவிட்டால் பேயாக வேண்டும். இளமையும் உடலும் உள்ள ஒரு பெண் தன் வேலைக்காகத் தானே ஓர் இடத்துக்குப் போய்த் திரும்புவதற்கு நம் கதை மரபில் வழி குறைவு.

இந்த மரபு ஏடுகளுக்குள் மட்டும் இருக்கவில்லை. முத்துலட்சுமியின் மூடிய வண்டி அதன் தொடர்ச்சி. அவர் படிக்கலாம் என்று அனுமதித்த சமூகம், அவர் படிக்கப் போவதை யாரும் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. கல்வி கிடைத்தது, தெரு கிடைக்கவில்லை.

அறிவொளியின் வகுப்பு

இன்று கல்லூரியில் இருக்கும் மாணவிகளுக்கு ‘அறிவொளி’ என்பது ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ‘நகரி’ன் பெயராக மட்டுமே தெரியும். அது ஓர் இயக்கத்தின் பெயர். 1988-இல் இந்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த முறை மற்ற மாநிலங்களுக்கும் பரவியபோது தமிழ்நாட்டில் ‘அறிவொளி இயக்கம்’ பிறந்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையில், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தவர்களும் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் இளைஞர்களும் கைகோத்து நடத்திய இயக்கம் அது. கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போட்டன. சம்பளம் இல்லாத தொண்டர்கள் இரவில் வகுப்பு எடுத்தார்கள்.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற ஆண்கள் ஏறக்குறைய 74 விழுக்காடு, பெண்கள் 51 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ இரண்டில் ஒரு பெண்ணுக்கு எழுத்து தெரியாது. எனவே அறிவொளி வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்ததில் வியப்பில்லை. பகலெல்லாம் களை பறித்து, கல் உடைத்து, வீட்டுக்கு வந்து உலை வைத்து, எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு சிலேட்டை எடுத்தவர்கள் அவர்கள்.

அறிவொளிப் பாடநூல் அரிச்சுவடி முறையில் அகர வரிசையிலிருந்து தொடங்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ போன்ற சொற்களிலிருந்து தொடங்கியது. பெண் பெயரில் பட்டா இருப்பது அரிதான ஊர்களில், நிலமே இல்லாத கூலிப் பெண்கள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொற்களில் ஒன்று ‘பட்டா’. படி என்பது அரிசி அளக்கும் படியாகவும் இருந்தது, படிக்கச் சொல்லும் ஏவலாகவும் இருந்தது. சொல்லைக் கற்பவர் அந்தச் சொல்லின் பொருள் தன் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது என்றும் கேட்பார். பிரேசிலின் பாவ்லோ ஃபிரெயிரே முன்வைத்த முதியோர் கல்விச் சிந்தனை இங்கே கூரை வீட்டுத் திண்ணையில் இப்படித்தான் வேலை செய்தது.

சைக்கிள் எப்படி உள்ளே வந்தது?

புதுக்கோட்டையில் அறிவொளி 1991-இல் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். வானம் பார்த்த பூமி, கண்மாய்ப் பாசனம், சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். டவுன் பஸ் ஒரு நாளைக்குச் சில முறை மட்டும் வரும் ஊர்களும், அதுவும் வராத ஊர்களும் நிறைய. இந்த நிலப்பரப்பில் பெண் தொண்டர்கள் ஓர் ஊரில் வகுப்பை முடித்து அடுத்த ஊருக்கு எப்படிப் போவார்கள்? பெண் ஒருங்கிணைப்பாளர் பல கிராமங்களை எப்படிப் பார்வையிடுவார்? ஆண் தொண்டர்களிடம் சைக்கிள் இருந்தது. பெண்களுக்கு அண்ணனோ தம்பியோ கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. எழுத்தறிவு இயக்கம் பெண்களை நம்பி நடந்தது, பெண்களோ ஆண்களின் கேரியரை நம்பி இருந்தார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் சைக்கிள் வந்தது. ஆட்சியர் அதைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் தர வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒன்றியந்தோறும் அதற்கான பொறுப்புகள் பிரித்துத் தரப்பட்டன. மைய ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவரான கண்ணம்மாள் போன்ற பெண்கள் முன்னே நின்றார்கள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. பயிற்சி முகாம்கள் நடந்தன. கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்றுத்தந்தார்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எழுத்தை ஒருவர் சொல்லித்தர வேண்டும், மற்றவர் கேட்டுக்கொள்ள வேண்டும். சைக்கிளுக்கு அப்படிப்பட்ட ஆசிரியர் தேவையில்லை. நேற்று விழுந்து எழுந்தவள் இன்று பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். படித்தவள், படிக்காதவள் என்ற ஏணி அந்த மைதானத்தில் இல்லை. பள்ளி ஆசிரியைக்குக் கூலிக்காரப் பெண் கற்றுத்தர முடியும். அறிவொளியின் வகுப்பறையிலேயே நிகழாத சமத்துவம் சைக்கிள் பழகிய பொட்டலில் நிகழ்ந்தது.

ஒன்றரை ஆண்டுக்குள் அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளை விலக்கிப் பார்த்தால், கிராமப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல். அவர்களில் 70,000 பேர் போட்டிகளிலும் பொது நிகழ்வுகளிலும் ஓட்டிக் காட்டினார்கள். யுனிசெஃப் நிறுவனம் அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கென்று 50 மொபெட்டுகளை வழங்கியது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதிய கட்டுரை, 1996-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் இடம்பெற்றது. அதன் இந்தி வடிவம் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் சேர்ந்தது. புதுக்கோட்டைப் பெண்களின் கதையை வட இந்தியக் குழந்தைகள் வகுப்பறையில் படித்தார்கள்.

குறுக்குக் கம்பி

அந்த ஆண்டு ஒரு சைக்கிள் நிறுவன முகவரிடம் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. ஆனால் இந்தக் கணக்கில் எல்லாப் பெண்களும் அடங்கவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்கும்வரை காத்திருக்கப் பொறுக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் விரும்பியே அதைத் தேர்ந்தார்கள். சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஓடும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா?

பெண்ணின் உடையையும் ‘நாணத்தையும்’ கருதி அந்தக் கம்பியைத் தாழ்த்தித்தான் லேடீஸ் சைக்கிள் செய்யப்பட்டது. புதுக்கோட்டைப் பெண் புடவையைக் கொசுவத்தோடு இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கம்பியைத் தாண்டிக் காலைப் போட்டாள். அவளுக்கு அது நாணத்தின் எல்லையாகத் தெரியவில்லை, பிள்ளை உட்காரும் இடமாகத் தெரிந்தது. பெண்ணுக்கு எது வசதி என்று மற்றவர்கள் முடிவு செய்து வைத்திருந்ததை, தன் தேவையை முன்னிறுத்தி அவள் மாற்றினாள்.

பேச்சு வராமல் இருக்குமா? வந்தது. சைக்கிள் ஓட்டும் பெண்ணின் ஒழுக்கம் பேசப்பட்டது. கேலியும் ஆபாச வசைகளும் தெருவில் கேட்டன. ஆனால் ஒருத்தி போனால் கேலி செய்யலாம். இருபது பேர் சேர்ந்து போகும்போது கேலி செய்பவன்தான் கூச்சப்பட வேண்டும். எண்ணிக்கையே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. தனித்தனியாக அனுமதி கேட்டிருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ‘வேண்டாம்’ என்ற பதில்தான் கிடைத்திருக்கும். ஊரே பழகும்போது வீட்டுக்குள் அந்தப் பதிலைச் சொல்வது கடினமாகிப்போனது.

இந்த இடத்தில் சாதியைச் சொல்லாமல் கடந்தால் வரலாறு பாதியாகிவிடும். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் தலித்துகள் ஆதிக்கச் சாதித் தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமை நிலவியது. சைக்கிள் அங்கே வாகனம் மட்டும் அன்று, அதிகாரத்தின் குறியீடு. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு தலித் பெண் சைக்கிளில் ஏறுவது இரட்டை மீறல். ஆணுக்கு முன் உட்காரக் கூடாது என்ற விதியையும், ஆதிக்கச் சாதிக்கு முன் ஏறக் கூடாது என்ற விதியையும் அவள் ஒரே மிதியில் கடக்க வேண்டியிருந்தது. இதே மாவட்டத்தில் கல் உடைத்துவந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்ததும் இதே காலத்தில்தான். அவர்களுக்குக் கணக்கும் தேவைப்பட்டது, போக்குவரத்தும் தேவைப்பட்டது. எழுத்தும் சக்கரமும் அங்கே ஒன்றையொன்று தாங்கின.

யாருடைய வேலைக்கு?

சைக்கிள் வந்ததால் என்ன மாறியது என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது நேரம். காய்கறியும் பூவும் விற்கப் போன பெண் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. அந்த நேரத்தில் இன்னும் ஓர் ஊருக்குப் போய் விற்க முடிந்தது. காலிக் குடங்களோடு தொலைவுக்கு நடந்தவள் கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு போய் வந்தாள். அந்தப் பெண்களிடம் கேட்டபோது, வருமானத்தைவிடப் பெரிதாக அவர்கள் சொன்னது யாரையும் எதிர்பார்க்காமல் போகிற சுதந்திரத்தை.

ஆனால் பெண்ணியப் பார்வையில் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் எடுப்பது யார் வேலை? சைக்கிள் வந்த பிறகும் பெண்ணின் வேலைதான். சைக்கிள் தெரிந்த ஆண் செய்துவந்த சில வேலைகளும், பிள்ளையைப் பள்ளியில் விடுவது, கடைக்குப் போவது, மில்லுக்குப் போய் மாவு அரைத்துவருவது என்று, ‘இப்போது உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே’ என்ற ஒரு வரியோடு அவள் தலையில் வந்து விழுந்தன. திறமை கூடினால் சுமை குறையும் என்பது ஆண்களின் உலகத்தில் உண்மையாக இருக்கலாம். பெண்ணின் உலகத்தில் திறமை கூடும்போது சுமையும் சேர்ந்து வருகிறது. இன்று ஸ்கூட்டர் ஓட்டும் நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கும் இது நன்றாகத் தெரியும்.

அப்படியென்றால் அந்த மாற்றம் பொய்யா? இல்லை. குடத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகும் பெண், அதே சைக்கிளில் குடமில்லாமலும் போகலாம் என்பதை அறிந்திருக்கிறாள். சுமை ஏற்றிய சக்கரம் அவளைத் தாய்வீட்டுக்கும் தோழி வீட்டுக்கும் மனு கொடுக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுபோகும். முத்துலட்சுமியின் காலத்தில் கிடைக்காத தெரு இவளுக்குக் கொஞ்சம் கிடைத்தது. வேலையின் பெயரால்தான் கிடைத்தது என்பது அதன் குறை. கிடைத்த பிறகு வேலைக்கு மட்டும் அது பயன்படவில்லை என்பது அதன் வெற்றி.

எழுத்து தேய்ந்தது, சக்கரம் நின்றது

1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்போடு கதை முடியவில்லை. எழுத்தறிவு இயக்கங்கள் எல்லா இடத்திலும் சந்தித்த சிக்கல் இங்கேயும் உண்டு. தட்டுத்தடுமாறி எழுத்துக் கூட்டக் கற்றவர் தொடர்ந்து படிக்கப் புத்தகமும் நேரமும் காரணமும் இல்லாவிட்டால் கற்றதை மறந்துவிடுவார். தொடர்கல்விக்கான ஏற்பாடுகள் முதல் அலையின் வேகத்தோடு நடக்கவில்லை. அதிகாரிகள் மாறினார்கள், நிதி மெலிந்தது. தொண்டர்களாக இருந்த இளம்பெண்கள் திருமணமாகி வேறு ஊர்களுக்குப் போனார்கள். சம்பளமில்லாமல் உழைத்த அந்தப் பெண்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

சைக்கிளை மட்டும் யாரும் மறக்கவில்லை. உடல் ஒருமுறை கற்ற சமநிலை இருபது ஆண்டுக்குப் பிறகும் திரும்பி வரும். அதைவிட முக்கியம், அந்தப் பாடத்தைப் பயன்படுத்த நாள்தோறும் ஒரு காரணம் இருந்தது. எழுத்துக்கு அந்தக் காரணத்தை நம் சமூகம் அவர்களுக்குத் தரவில்லை. ரேஷன் கடையிலும் வங்கியிலும் கூலி கொடுக்கும் இடத்திலும் அவர்கள் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை, பல நேரங்களில் விரும்பவும் இல்லை. ஒரு கல்வி நிலைப்பதும் தேய்வதும் கற்றவரின் புத்தியைப் பொறுத்த செய்தி அன்று. அதற்கு வாழ்க்கையில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இதே ஆண்டுகளில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் நடந்தது இந்தப் பாடத்தின் இன்னொரு பக்கம். அங்கும் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பாடநூலில் சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை இருந்தது. அதைப் படித்துப் பேசிய தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992-இல் அது மாவட்டம் தாண்டிய இயக்கமாக வளர்ந்தது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. அரசு கற்பிக்க நினைத்தது எழுத்து. நெல்லூர்ப் பெண்கள் கற்றது சேர்ந்து நிற்பதை, புதுக்கோட்டைப் பெண்கள் கற்றது தனியே போவதை. இரண்டு இடங்களிலும் கற்பவர்கள் பாடத்திட்டத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அரசு ஆவணங்கள் எத்தனை பேர் தேர்வில் வென்றார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, பெண்கள் வேறொரு தேர்வைத் தாங்களே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இனி எழுத வேண்டியது

பெண்ணின் நடமாட்டம் கல்வியோடு பிணைந்தது என்பதை அதன் பிறகு அரசுகளும் புரிந்துகொண்டன. தமிழ்நாட்டில் 2001-02-இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு படிக்கும் அனைவருக்கும் விரிந்தது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டார்கள். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் இந்த உயர்வு தெளிவாகத் தெரிந்தது. 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள்.

இருந்தும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு தரும் எண்ணைப் பாருங்கள். சந்தைக்கு, மருத்துவமனைக்கு, ஊருக்கு வெளியே ஓர் இடத்துக்கு என்று மூன்றுக்கும் தனியாகப் போக அனுமதி உள்ள பெண்கள் இந்தியாவில் 42 விழுக்காடுதான். ‘அனுமதி’ என்ற சொல் கேள்விப்பட்டியலில் இன்னும் இருப்பதே நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது. அந்த மூன்று இடங்களுக்கும் போக ஆணுக்கு அனுமதி உண்டா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

என் வகுப்பில் நான் கேட்பதுண்டு: “உங்கள் அம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா? யார் கற்றுக்கொடுத்தார்கள்?” முதல் கேள்விக்கு உடனே கை தூக்குகிறவர்கள் இரண்டாவது கேள்விக்குத் தயங்குகிறார்கள். கேட்டதில்லை என்கிறார்கள். அப்பா குரங்கு பெடல் போட்டுப் பழகிய கதையை வீடே பலமுறை கேட்டிருக்கும். அம்மா பழகிய கதையைக் கேட்டவர் குறைவு.

புதுக்கோட்டையில் 1991-இல் இருபது வயதில் சைக்கிள் பழகிய பெண்கள் இப்போது ஐம்பதைக் கடந்திருக்கிறார்கள். அப்போதே நாற்பதில் இருந்தவர்களில் பலர் நம்மோடு இருக்கமாட்டார்கள். அரசு அறிக்கைகள் இருக்கின்றன, ஆய்வு நூல்கள் இருக்கின்றன, ஒரு நல்ல பத்திரிகையாளரின் கட்டுரை இருக்கிறது. அந்தப் பெண்களே தங்கள் சொற்களில் சொன்ன வரலாறு மட்டும் போதுமான அளவு எழுதப்படவில்லை. ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவிகள் இதை எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. முதல் சைக்கிளை வாங்கியது யார் காசில்? அது யார் பெயரில் இருந்தது? முதன்முதலில் தனியாக எங்கே போனீர்கள்? வீட்டில் யார் தடுத்தார்கள், யார் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள்? எப்போது ஓட்டுவதை நிறுத்தினீர்கள், ஏன்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களில்தான் திருமணம், பிரசவம், கருப்பை நீக்கம், முழங்கால் வலி, மகனின் மோட்டார் சைக்கிள், மருமகளின் ஸ்கூட்டர் என்று ஒரு தலைமுறைப் பெண்களின் வரலாறு முழுவதும் இருக்கும்.

அந்தப் பதில்களை அவர்கள் சொல்லும் வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அறிவொளியில் கற்ற எழுத்து நினைவிருப்பவர்கள் தாங்களே வாங்கிப் படிப்பார்கள். தவறாக எழுதியிருந்தால் திருத்தவும் செய்வார்கள்.